மழை ஒதுக்கில் ஒரு திருவிழா

வணக்கம் நேயர்களே. லவெண்டர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு சலூன் பவுடர். தம்பியை ஐயா வெள்ளவத்தைச் சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வரும்போது அவன் பின்கழுத்து மணக்குமே, அந்த மணம். அப்புறம் சேலைக் கடை. "லவெண்டர் கலர் பாருங்கோ" என்று எடுத்துப் போடுவார்கள். "இது கத்தரிப்பூ நிறம்" என்று அம்மா திருத்துவா. செடியாக அதை நான் பார்த்தது 32 வருடம் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகுதான்.

தங்கச்சியின் மகள், என் பெறாமகள், அமெரிக்காவில் சியாட்டில் நகரில் இருக்கிறாள். ஒரு யூலை மாதம் அங்கே போயிருந்தபோது, "பெரியம்மா, பக்கத்தில ஒரு கமக்கார ஊரில லவெண்டர் திருவிழா நடக்குது, போவமா?" என்று கேட்டாள். ஊரின் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்தால் சீக்விம். வழி முழுக்க நான் அப்படியே சொல்லிக்கொண்டு போனேன். பெட்ரோல் அடிக்க நிறுத்திய இடத்தில் கடைப் பிள்ளை சிரித்துவிட்டது. முதல் எழுத்துக்குப் பிறகு வருவதை விழுங்கிவிட வேண்டுமாம். ஸ்க்விம். நானும் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன், தும்மல் போலத்தான் வந்தது.

சியாட்டில் பக்கம் மழைக்குப் பேர் போனது. அதனால் குடை, மழைச்சட்டை, பொலித்தீன் பை எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். ஊரில் இறங்கினால் கண் கூசும் வெயில். பெறாமகள் என் குடையைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரிக்கட்டும், எனக்குள் இருந்த புவியியல் ரீச்சர் எழும்பிவிட்டா.

மட்டக்களப்பு நேயர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும்போது உதடு வெடிக்கும், கழுவிப் போட்ட துணி அரை மணியில் காயும். அதே காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் வட்டவளையை நனைத்து ஊற வைத்துவிட்டுத்தான் உங்களிடம் வெறுங்கையோடு வருகிறது. ஸ்க்விம்முக்கும் அதே கதை. பசிபிக் கடலில் இருந்து வரும் ஈரக் காற்றை ஒலிம்பிக் மலைகள் மறித்துவிடுகின்றன. அந்த மலைத்தொடரின் உச்சி 2,432 மீற்றர். நம்முடைய பிதுருதலாகலை 2,524 மீற்றர், கொஞ்சம் உயரம் கூட. (இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) மலைக்கு மேற்கே ஹோ என்ற காட்டில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றர் அளவில் மழை. கிழக்கே, 100 கிலோமீற்றர் கூட இல்லை, ஸ்க்விம்மில் ஏறக்குறைய 400. கொழும்பில் நமக்கு 2,400 வரை பெய்கிறது. ஸ்க்விம்மிலோ காட்டுக் கள்ளி கூட முளைக்கிறது. மலை மழையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது, மறுபக்கம் காய்ந்த மழை ஒதுக்கு ஆகிறது, அவ்வளவுதான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சமெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

400 மில்லிமீற்றர் மழையில் எப்படிக் கமம் செய்வது? 1895இல் அந்த ஊர்க்காரர் டன்ஜினெஸ் என்ற ஆற்றில் இருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே, 1896 மே மாதம், தண்ணீர் வந்ததற்கு ஒரு விழா எடுத்தார்கள். அந்த விழா இன்றைக்கும் நடக்கிறது. கவனியுங்கள், அந்த ஊரின் மூத்த திருவிழா வாய்க்காலுக்கு. லவெண்டருக்கு எடுப்பது ஒரு நூற்றாண்டு கழித்துப் பிறந்த பிள்ளை. குளம் திறந்துவிட்டதும் வரும் முதல் தண்ணீரைப் பார்க்க வரப்பில் போய் நின்ற வன்னிக்காரர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

வாய்க்கால் தண்ணீரில் புல் வளர்ந்தது, புல்லில் மாடு வளர்ந்தது, பால் பண்ணைகள் பெருகின. அப்புறம்தான் வினை. மழை குறைந்த ஊர், கடல் பக்கம், மலை பார்க்கலாம் என்று ஓய்வு பெற்றவர்கள் வந்து குடியேறத் தொடங்கினார்கள். காணி விலை ஏறியது. மாடு மேய்ந்த இடம் வீட்டுத் துண்டுகளானது. கொழும்பைச் சுற்றி வயலை நிரவி மதில் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை பழக்கமானதுதான். சின்னத் துண்டு நிலத்தில், கொஞ்சத் தண்ணீரில், காசு தரக்கூடியது எது என்று 1990களில் தேடினார்கள். கல்லும் மணலுமான நிலத்தையும் காய்ந்த கோடையையும் விரும்பும் செடி அகப்பட்டது. 1997இல் இருந்து லவெண்டர் திருவிழா.

திருவிழா ஏன் என்று கேட்பீர்கள். நாலைந்து ஏக்கர்க்காரர் எண்ணெய் வடித்து, பல்கேரியாவோடும் பிரான்ஸோடும் விலையில் போட்டி போட முடியுமா? முடியாது. அதனால் சனத்தைத் தோட்டத்துக்கே கூப்பிட்டுவிட்டார்கள். யூலை நடுவில், பூ முற்றும் நேரத்தில், மூன்று நாள். ஒரு கையில் கத்தரியைத் தந்து, "நீங்களே வெட்டிக் கட்டுங்கள், கட்டுக்கு இவ்வளவு" என்கிறார்கள். வெட்டுக் கூலியும் மிச்சம், வெட்டியவருக்கும் சந்தோஷம்! நான் இதை வியாபாரத் தந்திரம் என்று சொன்னதற்குப் பெறாமகள் கோபித்தாள். தந்திரம்தான். நல்ல தந்திரம். சரி, அவர்களும் மனிதர்கள்தான். இடையில் இரண்டு சங்கமாகப் பிரிந்து ஒரே வார இறுதியில் இரண்டு விழா நடத்திய காலமும் உண்டாம். கோயில் திருவிழாவுக்கு உபயம் பிரித்த அனுபவம் உள்ளவர்கள் இதற்குச் சிரிக்க மாட்டார்கள்.

ஒரு தோட்டத்தில் வயதான கமக்காரர் ஒருவரிடம் என் குறையைச் சொன்னேன். வெள்ளவத்தை பல்கனியில் நான் தொட்டியில் வைத்த லவெண்டர் மூன்றே மாதத்தில் செத்துப்போனது. கீழ் இலை முதலில் சாம்பலாகி, பிறகு கறுத்து, தண்டு கூழாகிவிட்டது. "எவ்வளவு தண்ணீர் விட்டாய்?" என்று கேட்டார். காலையிலும் மாலையிலும் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் குனிந்து, செடியின் அடியில் விரலை விட்டுக் கிண்டி, ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மண் என்று சொல்ல அதில் கொஞ்சம்தான் இருந்தது. மிச்சம் கூழாங்கல், பயறு அளவிலும் கடலை அளவிலும், வெயிலில் சூடேறிப்போய். அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் தொட்டியும், அதன் கீழே எப்போதும் தண்ணீர் நின்ற பிளாஸ்டிக் தட்டும் கண்ணுக்கு முன் வந்தன. நுளம்புக் குடம்பி நெளிந்த தட்டு அது. சுகாதாரப் பரிசோதகர் வந்திருந்தால் தண்டம் கட்டியிருப்பேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடம். எண்ணெய் வடிக்கிற விதத்தை ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன், மழையிலேயே நேரம் போய்விட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். பூங்கதிரைச் செப்புக் கொப்பரையில் அடைத்து, அடியிலிருந்து நீராவியை விடுகிறார்கள். ஆவி பூவின் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போய்க் குளிர்ந்த குழாயில் தண்ணீராகிறது. எண்ணெய் மேலே மஞ்சள் படையாக மிதக்கும், வழித்து எடுக்க வேண்டியதுதான். நமது தென்பகுதியில் கறுவா இலை வடிப்பவர்களும் இதே வேலைதான் செய்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம், கறுவா இலை எண்ணெய் தண்ணீரை விடக் கனம், அது அடியில் போய்த் தங்கும். அங்கே மேலே வழிக்கிறார்கள், இங்கே கீழே திறக்கிறார்கள். அந்தக் கறுவாக்காரர் பற்றியும், நமது சிட்ரோனெல்லா எண்ணெயை ஜாவாக்காரர் எப்படி முந்தினார்கள் என்பது பற்றியும் தனியாகவே ஒரு நாள் கதைக்க வேண்டும். இப்போது ஒரு விரல்தான் தெரிகிறது. போய் வருகிறேன், வணக்கம்.