தம்பூரா இல்லாத மேடை வேண்டாம்

(திருகோணமலையில் நவராத்திரி முதல் பங்குனி வரை நடக்கவிருக்கும் சங்கீதக் கச்சேரிகளை முன்னிட்டுக் கூடிய ஏற்பாட்டாளர்கள், ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கி எங்களை ஆசீர்வதித்த சிவாச்சாரியார் அவர்களே, அலுவல்களுக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்டச் செயலக அதிகாரிகளே, மண்டபம் கேட்டுப் போகும்போதெல்லாம் முகம் கோணாமல் திறந்துவிடும் உள்ளூராட்சி மன்றத்தினரே, வலயக் கல்விப் பணிமனையின் அழகியற் பாடப் பொறுப்பாளர்களே, கோவில் பரிபாலன சபைகளின் தலைவர்களே, செயலாளர்களே, பாடசாலை அதிபர்களே, சங்கீத ஆசிரியப் பெருமக்களே, எல்லாவற்றுக்கும் மேலாக, பின்வரிசையில் வயலின் பெட்டியோடும் மிருதங்க உறையோடும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

ஒலிபெருக்கி உரிமையாளர்களும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். இந்த ஊரில் ஒரு கச்சேரி நன்றாக அமைவதும் கெடுவதும் பாதி அவர்கள் கையில்தான்.

சுருதி, மண்டபம், ரசிகர் என்று மூன்று விடயங்களைப் பேசச் சொல்லித் தலைவர் அவர்கள் பணித்திருக்கிறார்கள். நான் சுருதியில் தொடங்குகிறேன். பெரியவர்கள் சொல்லி வைத்தது உங்களுக்குத் தெரியும்: சுருதி மாதா, லயம் பிதா. தாயை முதலில் வணங்கிவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

புரட்டாசி நவராத்திரியில் தொடங்கினால், கந்தசஷ்டி, திருவெம்பாவை, தை மாதத்தை ஒட்டி வரும் தியாகராஜ ஆராதனை, சிவராத்திரி, பங்குனி உத்தரம் என்று அடுத்தடுத்துக் கச்சேரிகள் வரப்போகின்றன. பாடுகிறவர் யார், பக்கவாத்தியம் யார், எத்தனை மணிக்கு என்றெல்லாம் அழைப்பிதழில் அச்சாகும். அந்தச் சுருதியை மீட்டித் தரும் தம்பூராவுக்கு யார் என்று ஓர் அழைப்பிதழிலாவது அச்சாகிறதா? இல்லை. ஏனென்றால் தம்பூராவே வருவதில்லை. ஒரு சின்னப் பெட்டி வருகிறது. அதுவும் இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில் ஒரு செயலி.

சுருதிப் பெட்டியை நான் பழிக்கவில்லை. வீட்டில் காலையில் சாதகம் பண்ணும் பிள்ளைக்கு அது பெரிய வரம். ஆனால் மேடையில் என்ன நடக்கிறது? பெட்டிக்கு முன்னால் ஓர் ஒலிவாங்கியை வைத்து ஒலிபெருக்கியில் ஏற்றிவிடுகிறோம். குரலுக்கு மேல் அது இரைகிறது. மின்சாரம் போனால் சுருதியும் போகிறது. தொலைபேசியில் சுருதி வைத்துப் பாடிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால், ஆலாபனை நடுவில் ஆதாரமே அறுந்துவிடுகிறது.

நல்ல தம்பூராவின் மந்தர ஷட்ஜத் தந்தியை, அதாவது கீழ் ‘ஸ’ ஒலிக்கும் தந்தியை, மீட்டிவிட்டுக் காதை வைத்துக் கேளுங்கள். அதற்குள்ளேயே அந்தர காந்தாரம் என்ற ‘க’ ஸ்வரம் தானாக எழும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். பாடுகிறவருடைய காது அதைப் பிடித்துக்கொண்டால் குரல் தானாக வந்து உட்காரும். உள்துறைமுகத்தில் நங்கூரம் போட்ட கப்பல் காற்றுக்கு ஆடினாலும் இடம் பெயராது அல்லவா, அப்படி.

இந்த ஊரில் நின்று சுருதியைப் பற்றிப் பேசும்போது இராவணன் கதையைச் சொல்லாமல் போக முடியாது. தெரிந்த கதைதான், ஆனாலும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இராவணனுடைய தாய் பெரிய சிவபக்தை. இந்த மலையில் இருக்கும் கோணேசரை வழிபட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தள்ளாத வயது, வர முடியவில்லை. மகன் என்ன சொன்னான்? ‘அம்மா, நீங்கள் போக வேண்டாம், மலையையே கொண்டு வருகிறேன்’ என்றான். வந்தான். வாளை ஓங்கி வெட்டினான். அந்த வெட்டு இன்றைக்கும் சுவாமி மலையில் இருக்கிறது, கீழே கடல் தெரிய எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் கோவிலுக்குள் போகிறோம். மலை அசைந்தது. இறைவன் கால்விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். அகப்பட்டுக்கொண்டான். பத்துத் தலை, இருபது கை, ஒன்றும் உதவவில்லை. படை உதவவில்லை, வாள் உதவவில்லை. அப்போது அவனுக்கு எது உதவியது? தன் தலையில் ஒன்றைக் குடமாக்கினான், கையைத் தண்டியாக்கினான், நரம்பை எடுத்துத் தந்தியாகக் கட்டினான், சாமகானம் பாடினான். இறைவன் மனம் இரங்கி விடுவித்தார். தாயோ மகன் இறந்துபோனான் என்ற செய்தி கேட்டு உயிரை விட்டுவிட்டாள். அவளுக்குக் கிரியை செய்ய நீர் வேண்டும் என்று திருமால் முதியவர் வடிவில் வந்து தடியால் ஏழு இடத்தில் ஊன்ற, கன்னியாவில் ஏழு வெந்நீர் ஊற்றுக் கிளம்பியது என்று கதை முடிகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். உயிர் போகிற நேரத்திலும் அவன் எடுத்த எடுப்பில் பாடவில்லை. முதலில் தந்தியைக் கட்டினான், சுருதி கூட்டினான், பிறகுதான் வாயைத் திறந்தான். தாய்க்காக மலையை வெட்டியவனைக் கடைசியில் காப்பாற்றியதும் ஒரு தாய்தான். சுருதி மாதா!

சம்பந்தர் ‘கோணமாமலை அமர்ந்தாரே’ என்று முடித்துப் பாடிய பதிகத்தின் எட்டாம் பாட்டிலும் அந்த விரல் வருகிறது. புறநீர்மைப் பண். பூபாள ராகத்தில் பாடுகிறார்கள். நமது கச்சேரிகளில் தேவாரம் கடைசியில், துக்கடா என்கிற சின்ன உருப்படிகளோடு, நேரம் இருந்தால் என்று ஒதுங்கிவிடுகிறது. இந்தப் பருவத்திலாவது இந்த மண்ணின் பதிகம் தம்பூராவோடு முதலில் ஒலிக்கட்டும்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தம்பூரா போதாது, இரண்டு வேண்டும். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்கிறோம். ஆண் குரல் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டை. பெண் குரல் நாலரை முதல் ஆறு கட்டை. ஒரு கட்டைக்குத் தந்தி கட்டிய தம்பூராவை ஐந்து கட்டைக்கு முறுக்கினால் தந்தி அறும். ஐந்து கட்டைத் தம்பூராவை ஒரு கட்டைக்கு இறக்கினால் தந்தி தொய்ந்து நாதம் செத்துப்போகும். இதை அறியாமல், இருக்கிற ஒன்றை எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்துவிட்டு ‘தம்பூரா சரிவராது’ என்று மூலையில் சாத்திவிடுகிறோம்.

நாலு தந்தி. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். முதல் மூன்றும் உருக்கு, நாலாவது பித்தளை. சுருதி சேர்க்கும்போது, தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூலை முதலில் விலக்கிவிடுங்கள். சாரணி, அனுசாரணி இரண்டையும் முதலில் சேருங்கள், பிறகு மந்தரம், கடைசியில் பஞ்சமம். தந்தியை முறுக்கும் ஆணியான பிரடையைத் திருகி, சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே கொண்டு வாருங்கள். மேலே போய் இறக்கிய பிரடை பாட்டு நடுவில் நழுவும். பிரடையால் கிட்டக் கொண்டு வந்தபின் மிச்சத்தைத் தந்தியில் கோத்த மணியால் சரிசெய்யலாம். எல்லாம் சேர்ந்த பிறகுதான் நூல். தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் இடையில் அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். தந்தி திடீரென்று பேசத் தொடங்கும், அங்கே விட்டுவிடுங்கள். நடுவிரலால் பஞ்சமம், ஆள்காட்டி விரலால் மற்ற மூன்றும். நகம் படக்கூடாது, விரலின் சதை தடவ வேண்டும். புதிதாக உட்காரும் பிள்ளைகள் செய்யும் பிழை ஒன்றே ஒன்று: பாட்டின் தாளத்துக்கு மீட்டத் தொடங்கிவிடுவார்கள். தம்பூராவுக்குத் தாளம் இல்லை. மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்திலும் நிறுத்தக்கூடாது, மிருதங்கக்காரருக்கும் அந்த ஆதாரம் வேண்டும்.

நமது ஊரின் காற்று உப்புக் காற்று. ஐப்பசி தொடங்கினால் வாடைக் காற்றோடு மழையும் சேரும். உருக்குத் தந்தியில் துரு ஏறினால் நூலை எத்தனை நகர்த்தினாலும் நாதம் எழாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைப்பதும், மாற்றுத் தந்தி ஒரு கட்டு உறையிலேயே வைத்திருப்பதும் பழக்கமாக வேண்டும். கச்சேரிக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னதாகத் தம்பூரா மண்டபத்துக்குள் வந்துவிட வேண்டும். வெளிக்காற்றிலிருந்து வந்த கையோடு கூட்டிய சுருதி நிற்காது.

மிருதங்கத்துக்கும் இதே கதிதான். ஈரக் காற்றில் தோல் தளரும், சுருதி இறங்கும். மேடை விளக்குச் சூட்டில் தோல் இறுகும், சுருதி ஏறும். வலப்பக்கத் தோலான வலந்தலையைத் தட்டிச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார் என்று மிருதங்கக்காரர் மேல் சலித்துக்கொள்ளாதீர்கள். குளிரூட்டிய அறையில் அவரை உட்கார வைத்துவிட்டு, சூடான மேடைக்கு அழைத்ததும் நாங்கள்தான். தக்கு என்கிற தாழ்ந்த சுருதிக்குச் சுமார் 24 அங்குல மிருதங்கமும், உச்சம் என்கிற உயர்ந்த சுருதிக்குச் சுமார் 22 அங்குல மிருதங்கமும் வேண்டும். எந்தக் கட்டை என்று ஒரு வாரம் முன்னதாகவே அவரிடம் சொல்லிவிடுங்கள். லயம் பிதா அல்லவா, தந்தையைத் தவறான வாத்தியத்தோடு வரவழைப்பது மரியாதையா?

மண்டபம் பற்றி இரண்டு வார்த்தை. தகரக் கூரை மண்டபத்தில் மார்கழி மழை நேரத்தில் மெல்லிசான ராகம் எதுவும் காதில் விழாது. அந்த மாதங்களுக்குச் சீமெந்துத் தட்டுக் கூரை உள்ள இடத்தைப் பிடியுங்கள். பின்சுவரில் கனமான திரை, தரையில் ஜமுக்காளம் போட்டால் எதிரொலி பாதி அடங்கும். மேடைக்கு நேர் மேலே உள்ள மின்விசிறியை நிறுத்துங்கள். அந்தக் காற்று ஒலிவாங்கியில் மோதி இரையும், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் பூசிய ரவையையும் காய வைத்துவிடும். ஒலிபெருக்கிப் பெட்டிகள் பாடகருக்கு முன்னால், சபையை நோக்கி இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் வீரிட்டுக் கூவும். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரம். இருநூறு பேர் உட்காரும் இடத்துக்குச் சின்னப் பெட்டி இரண்டு தாராளம். மின்பிறப்பாக்கியை மண்டபத்துக்குப் பின்புறம் தள்ளி வையுங்கள். ஓசையைக் குறைத்தால்தான் தம்பூரா கேட்கும். அதற்கு ஒலிவாங்கி வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அது கேட்கிற அளவுக்கு மற்றவற்றைக் குறையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கோவில் நாதஸ்வரத்தைப் பாருங்கள். அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் தவில் முழங்கிய நாட்டில், நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து என்று ஒரு குழல் இருந்தது. சுருதிக்கென்றே ஒருவர் மூச்சுப் பிடித்து ஊதுவார். இன்றைக்கு ஒத்து ஊத ஆள் இல்லை, பெட்டிதான். ஒத்துப் போனது. தம்பூராவும் அதே வழியில் போகிறது. அதைத் தடுக்க இந்த மண்டபத்தில் இருப்பவர்களே போதும்.

இந்த ஊர் இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்று நடத்திய விபுலானந்த அடிகள், மறைந்துபோன யாழ்களின் சுருதிகளைக் கணக்கிட்டு யாழ்நூல் எழுதி, 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றினார். வழக்கொழிந்த கருவிக்கு அவர் அத்தனை வருடம் உழைத்தார். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கருவியை நாம் விட்டுவிடலாமா?

ரசிகர் பற்றிய மூன்றாவது விடயத்துக்கு நேரம் இல்லை, தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். நேரத்துக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

என் வேண்டுகோள் இது. சபைகள் சேர்ந்து ஆண் சுருதிக்கு ஒன்றும் பெண் சுருதிக்கு ஒன்றுமாக இரண்டு தஞ்சாவூர்த் தம்பூரா வாங்குவோம். ஒரே இடத்தில் வைத்து முறை வைத்து எடுப்போம். க.பொ.த. சாதாரண தர வகுப்பில் கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளைகளில் பாடசாலைக்கு இரண்டு பேரைத் தாருங்கள். நவராத்திரிக்கு முன் உள்ள சனிக்கிழமைகளில் அவர்களுக்குச் சுருதி சேர்க்கப் பழக்கலாம், கூலி வேண்டாம். சுருதி மாதா என்று வாயால் சொன்னால் போதாது, அவளுக்கு மேடையில் ஓர் ஆசனமும் போட வேண்டும். பாடகருக்குப் பின்னால், சற்று வலப்புறமாக, ஒரு பாய் போட்டால் போதும். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் பக்கவாத்தியத்தின் கீழ் ‘தம்பூரா’ என்று ஒரு வரி சேர்த்து, அந்தப் பிள்ளையின் பெயரையும் பாடசாலையையும் போடுங்கள். பெயர் தர விரும்பும் ஆசிரியர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் உள்ள மேசைக்கு வாருங்கள். பிள்ளை எந்தக் கட்டையில் பாடுகிறது என்பதையும் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.