குறைமாதக் குழந்தையின் மூளைக் கசிவும் மரபணுவும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

குறைமாதத்தில் பிறந்த தன் குழந்தைக்கு மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறது என்று கேட்ட தாய், "நான் என்ன தவறு செய்தேன்?" என்றுதான் முதலில் கேட்கிறாள். அவளுக்குச் சொல்லவேண்டிய விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

கருவின் மூளையில், நீர் நிறைந்த அறைகளின் ஓரமாக, நரம்புச் செல்கள் தோன்றி வளரும் நாற்றங்கால் ஒன்று உண்டு. அங்குள்ள இரத்தக் குழாய்களின் சுவர் மிக மெல்லியது. அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் திசுவும் குறைவு. நிறைமாதம் நெருங்க நெருங்க அந்த நாற்றங்கால் தானே சுருங்கி மறைந்துவிடும் என்பதால், 32 வாரங்களுக்கு முன்பே பிறந்துவிடும் குழந்தைக்கே ஆபத்து மிகுதி. மூச்சுத்திணறலும் இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் அந்தச் சுவரைச் சோதிக்கின்றன. பெரும்பாலான கசிவுகள் பிறந்த 72 மணி நேரத்துக்குள் நேர்ந்துவிடுகின்றன.

ஆயினும், கர்ப்பத்தின் ஒரே வாரத்தில் ஒரே எடையோடு பிறந்த இரு குழந்தைகளில் ஒன்றுக்குக் கசிகிறது, மற்றதற்குக் கசிவதில்லை. 2006இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு ஒன்று, கசிவுக்கு ஆளாகும் தன்மையில் காணும் வேறுபாட்டில் சுமார் 41 விழுக்காட்டை, மரபணுக்களும் இரட்டையர் பகிர்ந்துகொண்ட சூழலும் சேர்ந்து விளக்குவதாகக் கணித்தது. மரபணுக்களின் பங்கு மட்டுமே 41 என்று இதைப் படித்துவிடக் கூடாது.

எந்த மரபணு என்று தேடியவர்களுக்குக் கிடைத்த உறுதியான சான்று COL4A1 என்று குறிக்கப்படும், சி.ஓ.எல்.4.ஏ.1 என்னும் மரபணுவே. இரத்தக் குழாய்ச் சுவரின் அடித்தளப் படலத்துக்கு வலுவூட்டும் நான்காம் வகைக் கொலாஜன் என்னும் புரதத்தை உருவாக்குவதில் அதற்குப் பங்குண்டு. அதில் பழுதுள்ள எலிக்குட்டிகள் பிறக்கும்போதே மூளையில் இரத்தம் கசிந்ததை 2005இல் ஆய்வாளர்கள் காட்டினர். மறு ஆண்டு, அதே பழுதுள்ள குட்டிகளைத் தாய் எலியின் வயிற்றில் அறுவை செய்து வெளியே எடுத்தபோது கடுமையான கசிவு தவிர்க்கப்பட்டதையும் கண்டனர். சுவரின் வலுவின்மை மரபில் வந்தாலும், அதை உடைப்பது பிறப்பின் அழுத்தம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனையை நான் அறியேன். இரத்தம் உறைவதோடு தொடர்புடைய ஃபாக்டர் ஃபைவ் லைடன் போன்ற மரபணு மாற்றங்களில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அவற்றை நம்பிப் பெற்றோரை அச்சுறுத்துவது முறையன்று.

ஆகவே அந்தத் தாய்க்கு நாம் சொல்லவேண்டியது: அம்மா, இது உங்கள் தவறன்று. குறைப்பிரசவம் நேரும் என்று தெரிந்தால் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி கசிவின் வாய்ப்பைக் குறைக்கிறது. உங்கள் குடும்பத்தில் இளவயதிலேயே மூளையில் இரத்தக்கசிவு கண்டவர் எவரேனும் இருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.