உப்பும் சர்க்கரையும் ஒரு லிட்டர் தண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத ஊர் ஏது? அந்தக் காலத்தில் பர்மா, மலாயா என்று மூன்று வருஷக் கணக்கில் கொண்டுவிற்கப் போனார்கள். இப்போது சிங்கப்பூர், துபாய், குவைத். பெட்டியில் சீப்புச்சீடையும் மணகோலமும் எடை பார்த்துக் கட்டுகிறோம். அங்கே அவனுக்கு வயிற்றோட்டம் வந்தால் என்ன செய்வான் என்று யாரும் கேட்பதில்லை. பள்ளத்தூர்ப் பக்கம் நெடுநாள் வைத்தியம் பார்த்தவள் நான். இதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு பையன் கதை சொல்கிறேன். கல்லல் பக்கம், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. ஒருநாள் காலையில் அவன் அம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதபடி வந்தார். திரையில் பையன், அடுக்குக் கட்டிலில் சுருண்டு கிடக்கிறான். முந்தின நாள் முழுக்க வாந்தி, பேதி. அம்மா கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்கேன்" என்றே சொல்லியிருக்கிறான். எங்கள் ஐயா மலாயாவிலிருந்து எழுதிய கடிதங்களிலும் எப்போதும் க்ஷேமம்தான். கடல் தாண்டினால் நம் ஆண்பிள்ளைகளுக்கு நோயே வராது போலும்!

"என்னப்பா குடிச்சே?" என்றேன். "ஒண்ணும் குடிக்கலை ஆச்சி. குடிச்சா உடனே வெளியே வந்துடுது, அதான் நிறுத்திட்டேன்." இந்தப் பதிலைத்தான் நான் ஆயுள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். "கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனே?" அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்று கூச்சம், முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி கேட்டேன். நேற்று ராத்திரி என்றான். டாக்டரிடம் ஏன் போகவில்லை? எம்சி, அதாவது டாக்டர் கொடுக்கும் விடுப்புச் சீட்டு, எடுத்தால் சம்பளம் பிடிப்பார்களோ, வேலைக்கே ஆபத்து வருமோ என்று பயம்.

பக்கத்துக் கட்டிலில் மன்னார்குடிப் பையன் ஒருவன். அவனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன், நீங்களும் சொல்லிப் பாருங்கள்: ஒரு லிட்டர், ஆறு, அரை. உப்பு கூடினால் ஆபத்து. வாயில் விட்டுப் பார்த்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. "மடக் மடக்கென்று கொடுக்காதே தம்பி. ஒரு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தானா, பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஒரு ஸ்பூன். மதியத்துக்குள் சிறுநீர் போகலைன்னா அவன் என்ன சொன்னாலும் கேட்காதே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ." அந்தப் பையன் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஸ்பூனும் கையுமாக உட்கார்ந்தான். மதியம் போன் வந்தது. "போயிட்டான் ஆச்சி!" அம்மா பதறிப்போனார். பாத்ரூமுக்குப் போனான் என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

சர்க்கரை எதற்கு என்று கேட்பீர்கள். எவ்வளவு பேதியானாலும் குடல் ஒரு வேலையை விடுவதில்லை. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் உள்ளே இழுத்துக்கொள்கிறது, அவற்றோடு தண்ணீரும் போகிறது. வெறும் தண்ணீருக்கு அந்த வசதி இல்லை. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. மாவுச்சத்து குடலில் சர்க்கரையாகிவிடும்.

இதன் அருமை 1971-ல் தெரிந்தது. வங்கதேசப் போர். எல்லையில் பாங்கான் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகலனாபிஸ் என்ற கல்கத்தா மருத்துவர் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே குவளையில் பிடித்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்கு பேருக்கும் கீழே வந்தது. அவர் 2022-ல் காலமானார். பத்ம விபூஷண் அதற்கு அடுத்த வருஷம்தான் கொடுத்தார்கள். எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

ஆகவே பெட்டி கட்டும்போது சீடையோடு ஓஆர்எஸ் பொட்டலம் நாலு வையுங்கள். இதே உப்பு, சர்க்கரைக் கலவையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தூளாக விற்கிறார்கள், அதுதான். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் குடிக்கிறவர்கள் உண்டு. அளவு பொட்டலத்தின் மேலேயே போட்டிருக்கும், படிக்கச் சொல்லுங்கள். ஊரிலிருந்து கொண்டுபோன பழைய ஆன்டிபயாடிக் மாத்திரையை அவன் தானாகப் போட வேண்டாம். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், எழுந்தால் தலைசுற்றல், நிற்காத வாந்தி, இவற்றில் எது இருந்தாலும் டாக்டர்தான். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரை கூடவே கூடாது.

இன்னொன்று, சோறு. அறையில் ஐந்தாறு பேர் சேர்ந்து ராத்திரி வடிப்பார்கள், மிச்சம் மறுநாள் மதியம் வரை குக்கரிலேயே கிடக்கும். "சூடு பண்ணித்தானே சாப்பிட்டோம்" என்பார்கள். சோற்றில் வளரும் ஒரு கிருமி வெளியிடும் நஞ்சு சூட்டில் சாகாது. சில மணி நேரத்தில் வாந்தி பிடுங்கும். மிச்சத்தைச் சீக்கிரம் ஆற வைத்து பிரிட்ஜில் வைக்க வேண்டும். நம் அப்பத்தாக்கள் நீர் ஊற்றிப் புளிக்க வைத்த பழைய சோறு வேறு சங்கதி, அதற்குத் தனியாக ஒருநாள் கூப்பிட வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷமாம். டைபாய்டு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக: திருவிழாவுக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களைத்தான் அது அதிகம் பிடிக்கிறது. கிருமி உள்ளே போய் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சல் காட்டும். அப்போது அவன் அங்கே இருப்பான். "ஊருக்குப் போய் வந்தேன்" என்று அங்குள்ள டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். தடுப்பூசி உண்டு, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளலாம். கை கழுவ சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள், வாந்தி பரப்பும் நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக அடங்காது. சோப்புதான். சரி, நேரம் முடிந்தது. வணக்கம்.