இரவில் கொடுத்த அரிசி

(கொழிஞ்சாம்பாறையில் நடந்த ஒரு நூலகக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். 2019 அக்டோபர் இறுதியில், நம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் மஞ்சக்கண்டிக் காட்டில் கேரளக் காவல்துறையின் தண்டர்போல்ட் அதிரடிப்படை நான்கு மாவோயிஸ்டுகளைச் சுட்டுக்கொன்றபோது, நடந்தது மோதலா, போலி மோதலா என்று விவாதித்தோம். விவாதிக்க வேண்டியதுதான். ஆனால் காட்டோரத்துப் பழங்குடி ஊர்களில் குடியிருப்பவருக்கு அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: இரவில் ஆயுதத்தோடு வந்தவர் அரிசி கேட்டால் கொடுப்பதா, மறுப்பதா? கொடுத்தால் காலையில் வரும் படைக்கு அவர் உடந்தை. மறுத்தால் இரவில் வந்தவருக்கு உளவாளி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்தை அடிப்பவராவது ஒருவரே.

இந்த அரிசிக் கணக்கு பழையது. நம்மவர் ரப்பர் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன மலாயாவில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளருக்கு ஊராரின் உதவி போய்ச்சேராமல் தடுக்க 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஆங்கிலேயர் ஏறத்தாழ 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனக் குடியானவர்களை, முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றினர். தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகளும் வேலிக்குள் திரட்டப்பட்டன. பால்மரம் சீவப் போகிறவர் பகலுணவைக் கட்டிக்கொண்டு போகக் கூடாது, வாயிலில் சோதனை. சில பகுதிகளில் அரிசியே கொடுக்காமல் பொது அடுப்பில் வடித்த சோற்றையே கொடுத்தார்கள். அந்த வெக்கையில் சோறு விரைவில் ஊசிப்போகும், காட்டுக்குக் கடத்திச் சேமிக்க முடியாது என்பதே காரணம். கிளர்ச்சி ஒடுங்கியதால் இதை வெற்றிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வோர் இன்றும் உண்டு; அவர்கள் எவரும் வெறும் வயிற்றோடு மரம் சீவியவர்கள் அல்லர்.

1967 முதல் மிசோ மலைகளில் (இன்றைய மிசோரம்) கிளர்ச்சியாளரை ஒடுக்க நம் அரசே இம்முறையைக் கையாண்டது. ஊர்கள் சாலையோரங்களுக்குத் திரட்டப்பட்டன, பழைய வீடுகள் எரிக்கப்பட்டன, ஊரடங்குக்கிடையே தொலைவிலிருந்த புனங்களுக்குப் போய்வர முடியாமல் விளைச்சல் குன்றியது.

2005இல் சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக அரசு ஆதரவோடு சல்வா ஜுடூம் என்ற ஆயுதக்குழு வந்தபோது முகாமுக்குப் போனவர் அரசின் ஆள், போகாதவர் மாவோயிஸ்டு என்றாயிற்று. இரண்டும் வேண்டாமென்றவர்களில் பலர் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் காடுகளுக்கு ஓடினார்கள். பழங்குடி இளைஞர்களை மாதம் 3,000 ரூபாய்க்குச் சிறப்புக் காவல் அலுவலர்களாக்கி ஆயுதம் கொடுத்ததை, 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. படிப்பும் பயிற்சியும் போதாத அந்த இளைஞர்களின் உயிரையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டதே அத்தீர்ப்பில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி நம் மலையில் படை ஏறும்போதெல்லாம், எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்பதோடு இவற்றையும் கேட்போம்: அன்று ஊரார் தேனுக்கும் விறகுக்கும் காட்டுக்குள் போக முடிந்ததா? ரேஷன் கடைக்குப் போனவர் தடையின்றித் திரும்பினாரா? அரிசி கொடுத்ததற்காக எவர்மீதாவது வழக்கு இருக்கிறதா?