மாவு ஆறறதுக்குள்ள

(பட்டிமன்றத் தலைப்பு: சாப்ட்வேர் வேலையையும் குடும்பத்தையும் ஒருசேர நடத்த முடியுமா, முடியாதா? கோவை கீரணத்தம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழாவில், ‘முடியும்’ அணியில் பேசியது.)

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணிக்காரங்களுக்கும், பாய் விரிச்சு முன்னால உக்காந்திருக்கற ஆத்தா, அம்முச்சிமாருக்கும் வணக்கமுங்க.

எதிரணித் தலைவர் அண்ணன் சித்த முந்தி ஒரு வார்த்தை சொன்னாரு, பந்தலே அதிர்ந்துபோச்சு. "எங்கப்பன் தோட்டத்துல பாடுபட்டாரு, பொழுது சாஞ்சா ஊட்டுக்கு வந்துருவாரு. இந்தப் பொட்டி தட்டறவங்க நாள்பூரா ஊட்டுக்குள்ளயே இருக்கறாங்க, ஆனா ஊட்டுக்கு வர்றதே இல்லை"ன்னாரு. அண்ணா, அதுக்குப் பதில் இருக்குதுங்க. அதுக்கு முன்னால எல்லாரையும் ஒரு ஊட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறேன், வாங்க.

சரவணம்பட்டி பக்கம். மகன், மருமக ரெண்டு பேருமே சாப்ட்வேர். 5 வயசுல ஒரு பேத்தி. புள்ளையைப் பார்த்துக்க அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்துல இருந்து ஆத்தா வந்திருக்காங்க. ஒரு நாள் பேத்தி சந்தகை, அதாவது இடியாப்பம் மாதிரி நூல் நூலாப் புழியற பலகாரம், வேணும்னு கேட்டுருச்சு. பேத்தி கேட்டா ஆத்தா சும்மா இருப்பாங்களா? புழுங்கலரிசியை 4 மணி நேரம் ஊற வெச்சு, நைசா அரைச்சு, புளிக்க விடாம அன்னைக்கே இட்லிச் சட்டியில ஊத்திட்டாங்க. சந்தகைக்கு ஆள் ரெண்டு வேணுங்க. வெந்த மாவை ஆவி பறக்கப் பறக்க அச்சுக்குள்ள போட்டு, மேல கைப்பிடியை ஒருத்தர் அமுத்தித் திருகணும். கீழ தட்டை ஏந்தி, வட்டமாச் சுத்திச் சுத்தி இன்னொருத்தர் வாங்கணும். மாவு ஆறிப்போச்சுன்னா இறுகிக்கும், ஆம்பளை ஏறி நின்னாலும் அச்சு எறங்காது.

ராத்திரி மணி ஏழாகப் போகுது. மகன் சொல்றான்: "அம்மா, ஏழு மணிக்கு அமெரிக்காக்காரங்களோட ஒரு ஸ்டேண்டப். 15 நிமிசந்தான். வந்து புழிஞ்சு குடுத்தர்றேன்." ஆத்தா கணக்குப் போட்டாங்க. 15 நிமிசம்னா மாவு வேகற நேரம். சரி கண்ணு, போய்ட்டு வான்னுட்டாங்க.

ஏழே காலு. மாவு வெந்துருச்சு. ரூம் கதவு சாத்துனது சாத்துனபடி. ஏழரை. ஆத்தா மாவை ஆற விடாம மறுக்கா மூடி போட்டு அடுப்பை எரிய விட்டாங்க. ஏழே முக்கால். அடிச்சட்டித் தண்ணி வத்திப்போச்சு, அடுப்பை அணைச்சாச்சு, மாவு ஆற ஆரம்பிச்சுருச்சு. பேத்தி தட்டை எடுத்துட்டு அந்தக் கதவுக்கு முன்னால போய் உக்காந்துருச்சு. எட்டு மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கறப்பத்தான் கதவு தொறந்துது. மகன் ஓடி வந்து கைப்பிடியைப் புடிக்கறான். அசையல. முக்கி முக்கிப் பார்த்தான், ஒரு நூலு கூட எறங்கல. மாவை எடுத்து மாட்டுக்குத்தான் வெக்கணும். நாலாவது மாடியில மாட்டுக்கு எங்க போறது?

ஆத்தா திட்டல. கேட்டாங்க: "ஸ்டேண்டப்புன்னா என்ன கண்ணு?" "எல்லாரும் நின்னுட்டுப் பேசற கூட்டம்மா." "அப்புறம் நீ எதுக்குச் சாமி உக்காந்துட்டிருந்தே?"

கைதட்டுங்க, அந்த ஆத்தாவுக்குத் தட்டுங்க! ஏன்னா அதுக்கு அந்தப் பேரை வெச்சதே, நின்னா கால் வலிக்கும், கால் வலிச்சாப் பேச்சு முடியும்னுதான். ஸ்க்ரம்னு சாப்ட்வேர் டீம் வேலையை நடத்தற ஒரு முறை இருக்குது, அதுல தினசரிக் கூட்டத்துக்கு வரம்பு 15 நிமிசம். அது 55 நிமிசமானது எப்படி? கூட்டத்துல 11 பேரு. ஒவ்வொருத்தரும் நேத்து செஞ்சதை மேனேஜருக்கு ஒப்பிக்கறாங்க. நாலாவது ஆளு ஒரு பக், அதாவது சாப்ட்வேர்ல ஒரு கோளாறு, பத்தி எடுக்கறான், அதுக்குச் சம்பந்தப்பட்டது ரெண்டு பேரு, மீதி ஒன்பது பேரு மைக்கை அணைச்சுட்டு உக்காந்திருக்காங்க. அங்க எரியறது ஒன்பது ஊட்டு அடுப்புங்க!

அடுத்த நாளே அந்தத் தம்பி டீம்ல பேசுனான். நேத்து என்ன, இன்னைக்கு என்னங்கறதை ஆறரை மணிக்குள்ள சாட்ல எழுதிப் போட்டறணும். கூட்டத்துல, வேலை எங்க சிக்கி நிக்குதுங்கறதை மட்டும் பேசணும். எந்தப் பேச்சு 2 நிமிசத்தைத் தாண்டுதோ அதைக் கடைசிக்குத் தள்ளிட்டு, சம்பந்தப்பட்டவங்க மட்டும் இருந்து பேசிக்கணும். ஒரே வாரத்துல கூட்டம் 12 நிமிசத்துக்கு வந்துருச்சு. சந்தகை இலைக்கு வந்துருச்சு, தேங்காய்ப்பாலோட.

முடிஞ்சுதா? முடியலீங்க. நவம்பர் வந்துது. திங்கக்கிழமை ஆத்தா அதே மாதிரி ஊத்தி வெச்சுட்டு ஏழே காலுக்குக் கூப்புடறாங்க, "கூட்டமே எட்டு மணிக்குத்தாம்மா, அதுக்குள்ள ஒரு வேலையை முடிச்சாகணும், இப்ப நகர முடியாது"ங்கறான். "நேத்து வரைக்கும் ஏழுதானே? கடியாரத்தை எவன் மாத்துனது?" மறுக்கா மாவு கல்லு! மாத்துனது அமெரிக்காக்காரங்க ஆத்தா. நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை அவங்க கடியாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளுவாங்க, மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை முன்னால தள்ளுவாங்க. நியூயார்க்குல காலையில 9.30-ங்கறது நமக்குக் கோடையில ராத்திரி 7, குளிர்காலத்துல 8. கூட்டத்தைக் காலண்டர்ல போட்டவங்க நியூயார்க் நேரத்துல போட்டிருந்தா நம்ம ராத்திரி நகரும். இந்திய நேரத்துல போட்டா நம்ம ஏழு ஏழாவே நிக்கும், அவங்க எட்டரைக்கு வந்தாப் போதும். ஒரே ஒரு இடத்துல மாத்தற சமாச்சாரம். கலிபோர்னியா டீம் வெச்சிருக்கறவங்களுக்கு இது இன்னும் பெருசு. அவங்க காலையில 10 மணி நமக்குக் குளிர்காலத்துல 11.30 ராத்திரி. அங்க நேரத்தைத் தள்ளிப் பிரயோஜனமில்ல, ரெண்டு வாரம் நம்ம ராத்திரி, ரெண்டு வாரம் அவங்க ராத்திரின்னு மாத்திக்கணும். கேக்கறதுக்கு வாய் வேணும், அவ்வளவுதான். பல பேரு கேக்கறதே இல்லீங்க.

இப்ப அண்ணன்கிட்ட வர்றேன். "பொழுது சாஞ்சா ஊட்டுக்கு வந்துருவாரு"ன்னீங்க. எந்த ஊர்த் தோட்டமுங்க அது? மூணு பேஸ் கரண்டு ராத்திரி முறைக்கு வந்தப்ப மோட்டார் போட்டது யாரு? பத்து மணிக்கு டார்ச் லைட்டையும் மம்பட்டியையும் தூக்கிட்டு மடை மாத்தப் போனது யாரு? திருமூர்த்தி அணையில இருந்து வர்ற பி.ஏ.பி., அதாவது பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட, வாய்க்கால் பாசனத்தை 4 மண்டலமாப் பிரிச்சு, ஒண்ணு மாத்தி ஒண்ணு தண்ணி விடறாங்க. அந்த வாய்க்கால்ல உங்க முறை ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா, எனக்குத் தூக்கம் வருது, காலையில விடுங்கன்னு சொல்ல முடியுமா? நம்ம அப்பன், அப்பாரு எல்லாரும் ராத்திரி வேலை பார்த்தவங்கதான். குடும்பமும் நடந்துது. எதனால? முறை இருந்துது! என்னைக்கு நம்ம தண்ணி, எத்தனை மணி நேரம், அடுத்து யாருன்னு ஊட்டுல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். அன்னைக்கு விருந்தாளியைக் கூப்புட மாட்டாங்க. அடுத்த நாளு அப்பன் வெயில் ஏறத் தூங்குனா யாரும் எழுப்ப மாட்டாங்க. ராத்திரி வேலை குடும்பத்தைக் கெடுக்கலீங்க அண்ணா. எந்த ராத்திரின்னு தெரியாம இருக்கறதுதான் கெடுக்குது.

அதே முறைத்தண்ணிக்கு எங்க வேலையில ஆன்-கால்னு பேரு. சர்வர், அதாவது கம்பெனிச் சேவையை நடத்தற கம்ப்யூட்டரு, விழுந்தா போன் அடிக்கும், எந்திரிச்சுப் பார்க்கணும். 6 பேரு முறை வெச்சா ஆறு வாரத்துல ஒரு வாரம். ரெண்டே பேரு இருந்தா வாரம் விட்டு வாரம், அது முறையில்ல, தண்டனை. அந்த மருமக டீம்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு அலர்ட் வரும்: "டிஸ்க் 80 சதவீதம் நிறைஞ்சிருச்சு." மீதி 20 நிறைய இன்னும் மூணு நாளு ஆகும். அதுக்கு எதுக்குங்க ரெண்டு மணிக்கு எழுப்பணும்? காலையில பத்து மணிக்கு டிக்கெட்டா, அதாவது வேலைச் சீட்டா, வந்தாப் போதும். வாடிக்கையாளருக்கு வேலை நின்னாத்தான் போன் அடிக்கணும்னு மாத்துனாங்க. எந்த அலர்ட் வந்தா என்ன செய்யணும்னு படிப்படியா எழுதி வெச்சாங்க, அதனால அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தர் பார்த்துக்க முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் போடறதை, அதாவது சாப்ட்வேர்ல செஞ்ச மாத்தத்தை வெளிய விடறதை, நிறுத்தி, செவ்வாய்க்கிழமை காலைக்கு மாத்துனாங்க. உடைஞ்சாச் சரி பண்ண ஆளும் இருக்கும், பகலும் இருக்கும்.

ஊட்டுல அவங்க செஞ்சது இன்னும் சின்ன வேலை. அடுப்பங்கரைக் காலண்டர்ல அவ முறை வர்ற வாரத்துக்குச் செவப்பு வட்டம், அவன் முறைக்கு நீல வட்டம். ரெண்டும் ஒரே வாரத்துல விழுந்தா யாராவது ஒருத்தர் டீம்ல கேட்டு மாத்திக்கணும். செவப்பு வாரத்துல புள்ளைக்குத் தலை சீவறது, வேனுக்கு நிக்கறது, டிபன் டப்பா, எல்லாம் அவன். பேத்தி எந்திரிச்சதும் காலண்டரைப் பார்த்துட்டு, "இன்னைக்கு அப்பாதான் ஜடை, கோணலாப் போகும்"னு சொல்லிட்டு வந்து உக்காந்துக்குது.

குடும்பத்தைப் பார்த்துக்கச் சட்டம் இருக்குதுங்களான்னு எதிரணியில ஒரு அக்கா கேட்டாங்க. இருக்குதுங்க. 2017-ல மகப்பேறுச் சட்டத்தைத் திருத்துனப்பவே முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவுன்னு வந்துருச்சு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல குழந்தைக் காப்பகம் வேணும், தாய் நாளைக்கு 4 தடவை போய்ப் பார்த்துட்டு வரலாம். அப்பனுக்கு மத்திய அரசு ஊழியர்னா 15 நாளு. தனியார் கம்பெனியில அப்பனுக்குன்னு அந்தச் சட்டத்துல ஒண்ணும் இல்லை, கம்பெனி குடுத்தாத்தான். அது மாறணுங்க.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் ஐயா. ஒரே நிமிசமுங்க.

அந்த ஆத்தாவுக்கு 70 தாண்டிருச்சு. சின்ன வயசுல ஒத்தை ஆளா அமுத்தி, ஒத்தை ஆளாத் தட்டு மாத்தி, பத்துப் பேருக்குச் சந்தகை புழிஞ்ச கை அது. இப்ப வலது தோள்பட்டை தூக்க வரல. ஊட்டுல யாருகிட்டயும் சொல்லல. மகனுக்கு ஏற்கெனவே ஆயிரம் ரோதனைன்னு நெனச்சாங்களோ என்னமோ. அன்னைக்கு அத்தனை நேரம் அடுப்புகிட்டயே நின்னாங்களே, சிரமமாப் போச்சு, இட்லியாவே சாப்புட்டுக்கலாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அந்தக் கைப்பிடியை அவங்களால அமுத்த முடியாது, மகன் வந்தாத்தான் ஆகும்.

இங்க உக்காந்திருக்கற தம்பிகளே, தங்கச்சிகளே, உங்கள்ல யாருக்காவது ஏழு மணிக்குக் கூட்டம் இருக்குதா? போன்ல எழுதிப் போடுங்க, "இன்னைக்கு 15 நிமிசம்தான் இருப்பேன்"னு. இப்பவே போடுங்க. ஊட்டுல ஆவி பறக்குதுங்க.

வணக்கம்.