சுகர் மாத்திரை உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்த கதை

வணக்கம். என் கையில் இருக்கும் இந்த மாத்திரை அட்டையைக் கொஞ்சம் பாருங்கள். மெட்ஃபார்மின், சுகருக்குப் போடுவது. தமிழ்நாடு அரசு வழங்குவது, விற்பனைக்கு அல்ல என்று பின்னால் அச்சடித்திருக்கும்.

அரசு மருத்துவத் திட்டம் என்றாலே நமக்குப் பெரிய கட்டடம்தான் ஞாபகத்துக்கு வரும், 2023-இல் கிண்டியில் 1,000 படுக்கையோடு திறந்தார்களே, அந்த மாதிரி. அதுவும் வேண்டும்தான். ஆனால் சுகர், பிரஷர் விஷயத்தில் மாத்திரை ஒரு நாளும் நிற்காமல் இருப்பதுதான் பாதி வைத்தியம். வலி இருக்காது, அதனால் தீர்ந்துபோனால் அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுவோம். பஸ் பிடித்துப் போய், ஓ.பி. சீட்டு போட்டு, வரிசையில் நின்று வாங்கித் திரும்புவதற்குள் மதியம் ஆகிவிடும், அன்றைய கூலி போச்சு. என் அம்மாவே இப்படி இரண்டு மாதம் விட்டிருக்கிறார். காலில் ஒரு புண் ஆறாமலே இருந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இதற்காகத்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வந்தது, 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். மகளிர் குழுவைச் சேர்ந்த அக்கா ஒருவர் பி.பி. மெஷினையும் குளுக்கோமீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக வருவார். கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பார், அப்புறம் விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். அளவு கூடியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார், டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தேடி நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வருகிறார்கள். 2024-இல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருதும் கிடைத்தது.

சரி, மாத்திரை எங்கிருந்து வருகிறது? 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்திலிருந்து. மாநிலம் முழுமைக்கும் சேர்த்து டெண்டர் விடுவதால் விலை குறைகிறது. வந்த மருந்தில் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பி, தேறினால்தான் மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியே விடுவார்கள். மருத்துவமனைகளுக்கு பேங்கில் இருப்பது போலவே ஒரு பாஸ்புக் உண்டு, ஒதுக்கிய தொகைக்குள் தங்களுக்கு வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். கேரளாவும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் ஊரில் இதே மாதிரி கழகம் வைத்தன.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. வெயிலில் நடந்து நம் வாசலுக்கு வருகிற அந்த அக்காவுக்கு ஊக்கத்தொகைதான், நிரந்தரச் சம்பளம் கிடையாது. அடுத்த திட்டம் எதுவானாலும் முதலில் அவருக்கு ஒரு வழி செய்யட்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது சுகரோ பிரஷரோ இருந்தால், பழைய மருந்துச் சீட்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். போக முடியாவிட்டால் 104-க்குப் போன் போடுங்கள்.