முட்டி வலி உள்ள பெற்றோரைச் சாஞ்சிக்கு அழைத்துச் செல்வது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். மத்தியப் பிரதேசத்தில் பழமையான பௌத்த ஸ்தூபிகள் இருக்கும் சாஞ்சிக்கு வயதான பெற்றோரை அழைத்துச் செல்ல விரும்பியும், "அது மலையாயிற்றே, முட்டி தாங்குமா?" என்று தயங்குபவர்களுக்காகவே இன்று பேசுகிறேன். தாராளமாக அழைத்துச் செல்லலாம். ஆனால், பார்க்க வேண்டியவை என்று நாம் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் பாதியை முதலிலேயே அடித்துவிட வேண்டும்.

சாஞ்சி மலையின் உயரம் ஏறத்தாழ 90 மீட்டர்தான். மேலே வரை கார் செல்லும். இறங்கிய பிறகு நடக்கும் தூரமும் அதிகமில்லை. உண்மையான சோர்வு பயணத்தில்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து போபாலுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள் ஆகிவிடும் என்பதால், இறங்கிய அன்றே சாஞ்சிக்குப் புறப்படாமல், ஓர் இரவு நன்றாக உறங்க வைத்து, மறுநாள் காலையில் கிளம்புங்கள். போபாலிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்தான். வழியில் கடக ரேகை சாலையைக் கடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினால், கால்களை நீட்டி மடக்கவும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரப் பயணமும் வேண்டாம் என்றால், மத்தியப் பிரதேச சுற்றுலாத் துறையின் விடுதி சாஞ்சியிலேயே இருக்கிறது.

இனி மலைமேல். பெரிய ஸ்தூபியை, அதாவது குவிமாடம் போன்ற பௌத்த நினைவுச் சின்னத்தை, வலம் வர இரண்டு பாதைகள் உள்ளன. தெற்குப் பக்கத்துப் படிக்கட்டில் ஏறிச் செல்லும் மேல்பாதையைப் பெரியவர்கள் விட்டுவிடலாம். கல் பாவிய கீழ்ப்பாதையில் நிதானமாக ஒருமுறை வலம் வந்தாலே, 36 மீட்டருக்கும் அதிகமான விட்டமுள்ள அந்தக் குவிமாடத்தின் பிரம்மாண்டம் முழுமையாக மனத்தில் பதிந்துவிடும். மேற்குச் சரிவில் இருக்கும் இரண்டாம் ஸ்தூபிக்கும் அவர்களை அழைத்துச் செல்லாதீர்கள். படியில் இறங்குவது ஏறுவதைவிட முட்டியை அதிகம் வருத்தும், இறங்கிய அத்தனை படிகளையும் திரும்ப ஏறியாக வேண்டும்.

மிச்சப்படும் அந்த நேரத்தைப் பெரிய ஸ்தூபியின் கிழக்குத் தோரணத்துக்கு, அதாவது சிற்பங்கள் நிறைந்த கல் நுழைவாயிலுக்குக் கொடுங்கள். காலை வெயில் அதன் வெளிமுகத்தில் நேராக விழுவதால், சிற்பங்கள் அப்போதுதான் துலக்கமாகத் தெரியும். இப்போது திரையில் நீங்கள் பார்ப்பது அதன் நடு உத்தரம், அதாவது நடுவிலுள்ள குறுக்குக் கல். இடது ஓரத்தில், பின்னாளில் புத்தரான சித்தார்த்தர் வாழ்ந்த கபிலவஸ்து நகரம். அங்கிருந்து ஒரு குதிரை புறப்படுகிறது. அதன் மேல் யாரும் இல்லை, குடை மட்டும் பிடிக்கப்பட்டிருக்கிறது. குளம்பொலி கேட்டு ஊர் விழித்துவிடாதபடி தேவர்கள் அதன் கால்களைக் கையில் ஏந்துகிறார்கள். அதே குதிரை மீண்டும் மீண்டும் வந்து வலது ஓரத்தை அடையும்போது, அங்கே இரண்டு பாதச் சுவடுகள் மட்டுமே இருக்கின்றன. கீழே, குதிரை குடையில்லாமல் வீடு திரும்புகிறது. சித்தார்த்தர் துறவு பூண்டதை அவர் உருவத்தையே காட்டாமல் சொல்லியிருக்கிறார்கள், 2000 ஆண்டுகளுக்கு முன்பு! பிள்ளையை வளர்த்து வெளியூருக்கு அனுப்பிய பெற்றோருக்கு இந்தக் கதையை நாம் விளக்க வேண்டியதே இல்லை. அருகில் இருந்து சுட்டிக்காட்டினால் போதும். சிற்பம் தலைக்கு மேல் உயரத்தில் இருப்பதால், ஒரு சிறிய தொலைநோக்கியும் மடக்கு நாற்காலியும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அண்ணாந்து பார்த்தபடி நெடுநேரம் நின்றால் பெரியவர்களுக்குத் தலைசுற்றல் வரக்கூடும்.

அருகிலேயே மூன்றாம் ஸ்தூபி இருக்கிறது. புத்தரின் முதன்மைச் சீடர்களான சாரிபுத்தர், மொகல்லானர் ஆகியோரின் உடல் எச்சங்கள் 1851இல் அங்கே கண்டெடுக்கப்பட்டு, இங்கிலாந்துக்குச் சென்று, பிறகு நாடு திரும்பி, 1952 முதல் இந்த மலையிலுள்ள புதிய விகாரையில் (பௌத்தக் கோயிலில்) இருக்கின்றன. நவம்பர் இறுதியில் அவற்றைப் பார்வைக்கு வைக்கும் விழாவுக்குக் கூட்டம் அலைமோதும். பெரியவர்களுடன் செல்பவர்கள் அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். மற்றபடி நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே வெயிலில் அவர்களை அந்தக் கல்தரையில் நடக்க வைக்கவே கூடாது.

அருகிலுள்ள உதயகிரிக் குகைகளையும் அன்றே முடித்துவிடலாம் என்று ஓட்டுநர் சொல்வார். வேண்டாம், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். மதியத்துக்குள் மலையிலிருந்து இறங்கி, உணவும் மாத்திரையும் முடிந்த பிறகு, தெம்பு இருந்தால் அடிவாரத்து அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். அசோகர் தூணின் சிங்கத் தலைப்பகுதி அங்கேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை என்பதால், ரயில் முன்பதிவு செய்யும்போதே கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.